நசிகேதன் பார்த்த பசுக்கள்

கடோபநிஷத்தின் தொடக்கத்தில் ஒரு சிறுவன் வருகிறான். அவனுடைய தந்தை வாஜஸ்ரவஸ், தம்மிடம் உள்ள அனைத்தையும் தானமாக அளித்துவிட வேண்டிய பெரும் வேள்வி ஒன்றைச் செய்கிறார். தானத்துக்குரிய பசுக்கள் ஓட்டிச் செல்லப்படுகின்றன. சிறுவன் நசிகேதன் அவற்றை உற்றுப் பார்க்கிறான். எல்லாம் கிழப்பசுக்கள், பால் மறத்தவை, பெறுபவருக்குத் தீனிச் செலவைத் தவிர வேறொன்றும் தராதவை. அந்தக் கணத்தில் அவனுள் சிரத்தை புகுந்தது என்கிறது உபநிஷத். தன்னை யாருக்குக் கொடுக்கப்போகிறார் என்று தந்தையிடம் கேட்கிறான். மீண்டும் மீண்டும் கேட்கிறான். தந்தைக்குக் கோபம் வருகிறது. யமனுக்குக் கொடுத்தேன் என்று சொல்லிவிடுகிறார்.

இந்த நிகழ்ச்சியை விளக்குவோர் பெரும்பாலும் விரைவாக யமலோகத்துக்குச் சென்றுவிடுகிறார்கள். மூன்று வரங்களும் ஆத்ம வித்தையும் அங்கேதான் காத்திருக்கின்றன. ஆகவே அது இயல்பே. ஆயினும் அந்தப் பசுக்களின் அருகில் சற்று நின்று பார்ப்பது நல்லது. பெரியவர் கொடுக்கிறார், ஊர் மெச்சுகிறது, கொடுக்கப்படும் பொருள் எத்தகையது என்பதைச் சிறுவன் ஒருவன்தான் கவனிக்கிறான்.

2024ஆம் ஆண்டு மார்ச் மாதம் பெங்களூர் நகரம் கடும் தண்ணீர்ப் பஞ்சத்தில் சிக்கியது. முந்தைய ஆண்டின் பருவமழை பொய்த்திருந்தது. நகரில் அரசுப் பொறுப்பில் இருந்த ஏறத்தாழ 14,000 ஆழ்துளைக் கிணறுகளில் சுமார் 6,900 வற்றிவிட்டதாக மாநில அரசே அறிவித்தது. குடிநீரைக் கொண்டு வாகனம் கழுவுவதும் தோட்டத்துக்குப் பாய்ச்சுவதும் தடை செய்யப்பட்டன. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். முதல் சில நாள்களிலேயே 22 வீடுகளிடமிருந்து 1 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் வசூலாயிற்று. வற்றிய அந்தக் கிணறுகளும் பால் மறத்த பசுக்களே. அந்நகரத்துப் பெரியவர்கள் தம் பிள்ளைகளுக்கு விட்டுச்செல்லும் சொத்தில் அவையும் அடக்கம்.

தண்ணீரையும் மண்ணையும் பேணவேண்டும் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் கற்பிக்கவில்லையா என்றால், கற்பித்தே வருகிறார்கள். வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த பொதுநல வழக்கில் 1991 நவம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, சுற்றுச்சூழல் கல்வியைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கும்படி கூறியது. திரையரங்குகளில் சுற்றுச்சூழல் பற்றிய படங்களை இலவசமாகக் காட்டவேண்டும் என்றும் அதே தீர்ப்பு பணித்தது. ஆணை ஏட்டளவில் நின்றுவிட்டதாக அதே மனுதாரர் மீண்டும் முறையிட, 2003 டிசம்பர் 18 அன்று நீதிமன்றம் அதை வலியுறுத்தி, எல்லா வகுப்புகளுக்கும் உரிய பாடத்திட்டத்தை வகுக்கும்படி என்.சி.இ.ஆர்.டி. நிறுவனத்தைப் பணித்தது. 2001இல் மத்திய அரசு தொடங்கிய தேசியப் பசுமைப் படையின்கீழ் நாடெங்கும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் மாணவர் மன்றங்கள் அமைந்தன.

ஆக, ஒரு தலைமுறை இந்தப் பாடத்தைப் படித்து முடித்துவிட்டது. நீர் மாசு, மண் அரிப்பு, மழைநீர்ச் சேமிப்பு என்று ஐந்து மதிப்பெண் வினாவுக்கு விடை எழுதிய அந்தப் பிள்ளைகள் இன்று குடும்பத் தலைவர்களாக இருக்கிறார்கள். அவர்களுடைய காலத்தில்தான் கிணறுகள் வற்றின. அறிந்தது வாழ்க்கையாக ஏன் மாறவில்லை என்பது தர்ம சாஸ்திரத்தின் மிகப் பழைய கேள்வி. தர்மம் இன்னதென்று தெரிந்தும் அதில் மனம் செல்லவில்லை என்று துரியோதனன் கூறியதாக ஒரு மரபு உண்டு. பள்ளிக்கூடம் அவனுக்கு இன்னும் ஒரு பாடப்புத்தகம் கொடுத்திருந்தால் போதுமா?

பள்ளிகளில் இந்தப் பாடம் பெரும்பாலும் அச்சத்தின் மீது கட்டப்படுகிறது. சேமிக்காவிட்டால் தீர்ந்துபோகும்; நாளை உனக்கு இருக்காது. வெடித்த நிலத்தின் படம், காலிக்குடத்தின் படம், சுவரொட்டிப் போட்டி, பரிசு. அச்சம் பொய்யன்று. ஆனால் அதன் ஆயுள் குறைவு. 2024 அக்டோபரில் காவிரிக் குடிநீர்த் திட்டத்தின் ஐந்தாம் கட்டம் தொடங்கி நாள்தோறும் மேலும் 77.5 கோடி லிட்டர் தண்ணீரைக் கொண்டுவர வழி பிறந்தது. பஞ்சத்தைக் கண்டு அஞ்சியவனுக்கு இனி அஞ்சக் காரணம் என்ன? தண்ணீரை விலை கொடுத்து வாங்க வசதியுள்ளவனுக்குத் தொடக்கம் முதலே அந்த அச்சம் பாதிதான். லாரி வந்துவிடும் என்பது அவனுக்குத் தெரியும்.

சேமிப்பு என்ற சொல்லிலேயே ஒரு மறைமுகமான எண்ணம் ஒளிந்திருக்கிறது. தனக்குச் சொந்தமானதைத்தான் ஒருவன் சேமிக்கிறான். என் தண்ணீர், என் எதிர்காலம், என் சிக்கனம். சனாதன மரபு இந்த இடத்தில் வேறொரு சொல்லை வைத்தது. அது ருணம், அதாவது கடன். பிறக்கும்போதே மனிதன் தேவர்களுக்கும் முனிவர்களுக்கும் முன்னோர்களுக்கும் கடன்பட்டவனாகப் பிறக்கிறான். கீதையின் மூன்றாம் அத்தியாயம் உணவு, மழை, வேள்வி என்று சுழலும் ஒரு சக்கரத்தைக் காட்டி, பெற்றதைத் திருப்பித் தராமல் அனுபவிப்பவனைத் திருடன் என்றே வகைப்படுத்துகிறது. திருக்குறளில் கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமே மழையைப் பற்றியது. துறந்தார் பெருமையும் அறத்தின் வலிமையும் அதற்குப் பின்னரே வருகின்றன. விடியலில் கண் விழித்ததும் காலைத் தரையில் ஊன்றுவதற்கு முன்பு பூமியைத் தொட்டு, மிதிக்கப்போவதற்காக மன்னிப்புக் கேட்கும் பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள். அந்தப் பாட்டி மண்ணைச் சேமிக்கவில்லை. மண்ணுக்குக் கடன்பட்டிருப்பதை நினைத்துக்கொள்கிறாள்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு கசப்பான கேள்வியை எதிர்கொள்ளாமல் இருக்க முடியாது. பக்தி போதுமானது என்றால், நதிகளையெல்லாம் தாய் என்று வணங்கும் நாட்டில் நதிகள் ஏன் இந்தக் கதியில் இருக்கின்றன? இக்கேள்விக்குப் பெங்களூரைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது.

பசவனகுடியில் குன்றின்மேல் ஒரே பாறையில் செதுக்கிய பெரிய நந்தி இருக்கிறது. அந்த நந்தியின் பாதத்திலிருந்து பிறந்ததால் விருஷபாவதி என்று பெயர் பெற்ற ஆறு ஒன்று உண்டு என்பது கோயில் மரபு. பக்தர்கள் நந்திக்கு வெண்ணெய் சாத்துகிறார்கள். கார்த்திகை மாதம் கடலைக்காய்த் திருவிழா கூடுகிறது. அந்த விருஷபாவதியோ நகரின் மேற்குப் பகுதியின் சாக்கடையையும் ஆலைக் கழிவையும் சுமந்து மைசூர்ச் சாலையை ஒட்டி ஓடுகிறது. மூக்கைப் பொத்தாமல் அதன் பாலத்தைக் கடப்பவர் குறைவு. நந்தியை வணங்கிய கைகளே நந்தியின் மகளை இந்த நிலைக்குக் கொண்டுவந்தன. இரண்டும் ஒரே ஊரில், சில மைல் தொலைவுக்குள்.

கரக விழாவின் செய்தி இதைவிட நுட்பமானது. சித்திரைப் பௌர்ணமியை ஒட்டித் தர்மராயர் கோயிலில் திரௌபதி அம்மனுக்கு நடக்கும் இவ்விழாவைக் காலங்காலமாக நடத்திவருபவர்கள் திகளர் சமூகத்தார். தோட்டத் தொழிலில் தேர்ந்த இவர்களின் பூர்விகம் தமிழகம் என்பர். நகரின் நடுவே இருந்த சம்பங்கி ஏரியின் நீர் இவர்களுடைய தோட்டங்களுக்கு உயிராக இருந்தது; விழாச் சடங்குகளும் அந்த ஏரிக்கரையில் நடந்தன. காலப்போக்கில் ஏரி தூர்ந்தது. இன்று அந்த இடத்தில் கண்டீரவா விளையாட்டரங்கம் நிற்கிறது. ஆனால் சடங்குக்கு நீர்நிலை வேண்டுமே என்பதற்காக ஓரத்தில் ஒரு சிறு குளம் மட்டும் காப்பாற்றப்பட்டது. பக்தியின் ஆற்றலும் அதன் எல்லையும் ஒருங்கே அந்தக் குளத்தில் தெரிகின்றன. வணங்குவதற்குத் தேவையான அளவு தண்ணீரைப் பக்தி காத்துக்கொடுத்தது. அதற்கு மேல் உள்ள ஏரியைப் பற்றி அது கேட்கவில்லை.

(நகரத்தை நிறுவிய கெம்பே கௌடரின் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் இன்னோர் ஏரிக்குத் தர்மாம்புதி, அதாவது தர்மக் கடல் என்று பெயர். அதைத் தூர்த்துத்தான் பிற்காலத்தில் மத்தியப் பேருந்து நிலையம் எழுந்தது. பெயரை நினைத்தால் சிரிப்பதா வருந்துவதா என்று தெரியவில்லை.)

வணக்கம் இருந்தும் ஏரி போயிற்று. பாடம் இருந்தும் கிணறு வற்றிற்று. ஒன்றில் அறிவு இல்லை, மற்றொன்றில் உறவு இல்லை. எந்தத் தண்ணீரை வணங்குகிறோம், அது எங்கிருந்து வந்தது, நம்மிடமிருந்து எங்கே போகிறது என்று வணங்குபவன் அறிந்திருக்கவில்லை. நீரின் வேதியியல் வாய்பாட்டை எழுதிய மாணவனுக்கோ தன் வீட்டுக் குழாயில் வருவது எந்த ஆறு என்பது தெரியாது. சிறுவர்களுக்கு இயற்கை வளங்களைப் பற்றிக் கற்பிப்பதென்றால் முதலில் இந்தப் பாதையைத்தான் காட்டவேண்டும். ஒரு குவளைத் தண்ணீரைக் கையில் கொடுத்து, இது வந்த வழி எது, இனி இது போகும் வழி எது என்று கேட்டால் போதும். பெங்களூரில் இந்தக் கேள்விக்கு விடை நெடியது.

கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 மீட்டர் உயரத்தில், ஒரு மேட்டின் முகட்டில் அமர்ந்திருக்கும் ஊர் அது. வற்றாத ஆறு எதுவும் அருகில் இல்லை. ஆகவே பழைய ஆட்சியாளர்களும் ஊர்மக்களும் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஒன்றன்கீழ் ஒன்றாக ஏரிகளை வெட்டினார்கள். மேலேரி நிரம்பினால் கால்வாய் வழியாகக் கீழேரிக்கு நீர் செல்லும். பிறகு நகரம் வளர்ந்தது. தாகமும் தொலைவுக்குச் சென்றது. 1894இல் ஹெசரகட்டாவிலிருந்தும், 1933இல் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும், 1974 முதல் காவிரியிலிருந்தும் தண்ணீர் வந்தது. இன்று அந்தக் காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவு குழாயில் பயணம் செய்து, மூன்று இடங்களில் இறைக்கப்பட்டு, சுமார் 500 மீட்டர் உயரம் ஏறி நகரை அடைகிறது. மலை ஏறி வந்த தண்ணீர்! சபரிமலைக்கும் திருப்பதிக்கும் நடந்து ஏறும் அன்பர்களுக்கு அந்த ஏற்றத்தின் அருமை தெரிந்திருக்கும்.

வழியில் இன்னொருவரையும் அந்தச் சிறுவன் சந்திக்கவேண்டும். காவிரி வழக்கில் 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, கர்நாடகத்தின் பங்கை 14.75 டி.எம்.சி. உயர்த்தியது. அதில் 4.75 டி.எம்.சி. பெங்களூரின் குடிநீருக்கென்றே ஒதுக்கப்பட்டது. தமிழகத்தின் பங்கு 192இலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைந்தது. தீர்ப்பின் நியாயத்தை எடைபோடுவது இங்கே நோக்கம் அன்று. குடிநீர் எல்லாவற்றுக்கும் முதன்மையானது என்பதை மறுப்பவர் இலர். ஆனால் அந்தக் குவளையில் தஞ்சைத் தரணியின் உழவர் ஒருவர் விட்டுக்கொடுக்க நேர்ந்த பங்கும் கலந்திருக்கிறது. அதை அறிந்த பிள்ளை பாதி குடித்துப் பாதியைக் கொட்டும்போது அவன் கை கொஞ்சம் தயங்கும். அபராதத்துக்கு அஞ்சி வரும் தயக்கம் அன்று அது.

போகும் வழி இன்னும் வியப்பானது. ஊர் முகட்டின்மேல் இருப்பதால், மேற்குச் சரிவில் வாய் கொப்பளித்த நீர் விருஷபாவதியில் இறங்கி, அர்க்காவதியில் கலந்து, காவிரியை அடைந்து, ஒகேனக்கல் வழியாகத் தமிழகத்துக்குள் வருகிறது. கிழக்குச் சரிவில் துணி துவைத்த நீர் பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்து தட்சிண பினாகினியில் சேர்கிறது. தமிழர்கள் அதைத் தென்பெண்ணை என்கிறார்கள். ஆகக் கிழக்கே துப்பினாலும் மேற்கே துப்பினாலும் அது தமிழ்நாட்டுக்குத்தான் போகிறது. ஒசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரை பொங்கி வழிவதைச் செய்தித்தாள்களில் பார்க்காத தமிழர் இருக்க முடியாது. சுத்திகரிக்கப்படாத கழிவுநீரில் கலந்துள்ள சோப்பும் சலவைத்தூளும் அந்த நுரைக்கு முக்கியக் காரணம். நகரின் மிகப் பெரிய ஏரியான பெள்ளந்தூர் ஏரியில் அந்த நுரை சாலைவரை பறந்தது. 2017 பிப்ரவரியிலும் 2018 ஜனவரியிலும் ஏரிப் பகுதியே தீப்பற்றி எரிந்தது. தண்ணீர் தீயை அணைக்கும் என்று முதல் வகுப்பில் படித்த குழந்தைகள் அந்த ஊரில் அதைப் பார்த்தார்கள்.

நல்ல திருப்பமும் ஒன்று இருக்கிறது. 2018 ஜூன் மாதம் முதல் கோரமங்கலா–சல்லகட்டா பள்ளத்தாக்கின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டு, வறண்ட கோலார் மாவட்டத்துக்குக் குழாய் வழியாக அனுப்பப்படுகிறது. ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடந்த ஏரிகள் நூற்றுக்கும் மேல் அதனால் நீர் கண்டன. சுற்றுக் கிணறுகளில் நீர்மட்டம் உயர்ந்தது. அந்தச் சுத்திகரிப்பு போதுமானதா, மண்ணுக்கும் நிலத்தடி நீருக்கும் தீங்கு வருமா என்ற கேள்வியோடு விவசாயிகள் சிலர் நீதிமன்றம்வரை சென்றதும் உண்மை. இந்த இரு பக்கங்களையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். ஒரு வீட்டின் குளியலறையில் எந்தப் பொடியை ஊற்றுகிறார்கள் என்பது கோலாரில் ஒரு தக்காளிச் செடிக்குத் தெரிகிறது என்றால், குளியலறை வேள்விச்சாலைக்கு அவ்வளவு தொலைவில் இல்லை.

மண்ணைப் பற்றிச் சொல்லித்தர அந்நகரில் லால்பாக் இருக்கிறது. மலர்க் கண்காட்சிக்குச் செல்வோர் அங்குள்ள பெரிய பாறையின்மேல் ஏறிக் கெம்பே கௌடரின் கோபுரத்தருகே படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அந்தப் பாறையின் வயது சுமார் 300 கோடி ஆண்டுகள். தேசியப் புவியியல் நினைவுச்சின்னம் என்ற பலகையும் அங்கே உண்டு. ஊரைச் சுற்றியுள்ள செம்மண் இத்தகைய பாறை வெயிலிலும் மழையிலும் வெடித்து, பாசி படிந்து, வேர் துளைத்து, பொடிந்து உண்டானது. ஒரு விரல்கடை மண் சேர நூற்றாண்டுகள் ஆகும். 1980களின் தொடக்கத்தில் டேராடூன் மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையத்தார் செய்த மதிப்பீட்டின்படி, இந்தியாவில் ஹெக்டேருக்குச் சராசரியாக ஆண்டுதோறும் 16 டன்னுக்கும் மேல் மண் அரித்துச் செல்லப்படுகிறது. பாறையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்த குழந்தைக்கு இந்த எண் வெறும் எண்ணாக இராது.

விநாயக சதுர்த்தியை விடச் சிறந்த மண் பாடமும் வேறில்லை. ஏரியிலிருந்து களிமண் எடுத்து, கடவுளாக்கி, வணங்கி, அதே ஏரியில் கரைத்துவிடுவது முன்னோர் வகுத்த முறை. எடுத்தது எடுத்த இடத்துக்கே போயிற்று, கடன் தீர்ந்தது. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையார் கரைவதும் இல்லை, மண்ணாவதும் இல்லை. பூசிய சாயம் நீரில் இறங்குகிறது. கர்நாடக மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016இல் அவற்றைத் தடை செய்தது. தடையைவிட, பெங்களூர்ப் பள்ளிகள் பலவற்றில் பிள்ளைகள் தம் கையாலேயே களிமண் பிள்ளையார் செய்து பழகுவது வலிமையானது. நகத்திடுக்கில் மண் புகுந்த பிள்ளைக்கு மண்ணைப் பற்றித் தனியாக உபதேசம் தேவைப்படாது. வீட்டில் மீந்த காய்கறித் தோலையும் சோற்றையும் உரமாக்குவதும் அப்படியே. 2012இல் மாவள்ளிபுரா மக்கள் இனி உங்கள் குப்பை எங்களுக்கு வேண்டாம் என்று மறித்தபோது பெங்களூரின் தெருக்களில் குப்பை மலைபோல் தேங்கியது. மண்ணுக்குத் திரும்பவேண்டியது மண்ணுக்குத் திரும்பாததால் யாரோ ஒரு கிராமத்தின் கிணறு கெட்டுக்கொண்டிருந்தது என்பது அன்றுதான் நகரத்துக்குத் தெரிந்தது.

இங்கே ஒரு நியாயப் பிரச்சினை குறுக்கிடுகிறது. தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்து என்ற ஒரே வாசகம் எல்லாப் பள்ளிச் சுவர்களிலும் எழுதப்படுகிறது. ஆனால் 2024 கோடையில் 5 ரூபாய் நாணயம் இட்டால் 20 லிட்டர் தரும் நீர் நிலையங்களின் முன் தாயோடு வரிசையில் நின்று பள்ளிக்குத் தாமதமாகச் சென்ற சிறுமியும் அந்த வாசகத்தைப் படிக்கிறாள். நீச்சல் குளம் உள்ள அடுக்ககத்துச் சிறுவனும் படிக்கிறான். அந்தச் சிறுமி ஏற்கெனவே ஒரு குடத்தில் ஒரு நாளை நடத்தக் கற்றவள். அவளிடம் போய்ச் சிக்கனத்தைப் போதிப்பது பட்டினி கிடப்பவனுக்கு ஏகாதசி விரதம் சொல்வது போன்றது. பசித்தவனிடம் மதத்தைப் பற்றிப் பேசுவது அவனை அவமதிப்பது என்ற கருத்தை விவேகானந்தர் எத்தனையோ இடங்களில் வலியுறுத்தியிருக்கிறார். அபரிக்ரஹம், தேவைக்கு மேல் கொள்ளாமை, உள்ளவனுக்கு உரிய விரதம். அந்தச் சிறுமிக்கு உரிய பாடம் வேறு: தண்ணீர் அவளுக்கும் உரியது என்பது. ஆசிரியர் இதை உணராவிட்டால், வீணாக்குபவனின் பாவத்துக்கு வறியவளைப் பிராயச்சித்தம் செய்யச் சொன்னதாகிவிடும்.

இதே தவறு வேறு உருவில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இடையே நிகழ்கிறது. வருங்காலம் உங்கள் கையில் என்று மேடைகளில் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லாதவர் இல்லை. கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஏரியைத் தூர்த்தவரும் கிணற்றை ஆயிரம் அடிக்கு இறக்கியவரும் பெரியவர்கள். அதைச் சரிசெய்யும் பொறுப்பு பத்து வயதுப் பிள்ளைக்கு! வெல்லம் அதிகம் தின்னும் மகனுக்குப் புத்தி சொல்லுமாறு ஒரு தாய் ஒரு மகானிடம் அழைத்துச் செல்ல, அவர் சில நாள் கழித்து வரச் சொன்னார். முதலில் தாம் வெல்லத்தை விடவேண்டியிருந்தது என்றார். பல மகான்களின் பெயரில் இந்தக் கதை வழங்குகிறது; யாருடையதாயினும் அதன் பொருள் கெடவில்லை. பள்ளி நிர்வாகமும் பெற்றோரும் முதலில் விடவேண்டிய வெல்லம் எது?

பெங்களூரில் அதற்குச் சட்டமே வழி காட்டுகிறது. 2009இல் திருத்தப்பட்ட குடிநீர் வாரியச் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மனைகளில் மழைநீர்ச் சேமிப்பைக் கட்டாயமாக்கியது. அதை எப்படிச் செய்வது என்று கண்ணால் காட்ட ஜெயநகரில் விஸ்வேஸ்வரய்யா பெயரில் ஒரு மழைநீர்ப் பூங்காவும் அமைந்தது. கர்நாடக மாநில அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஏ.ஆர். சிவகுமார் 1990களின் இடையில் நகரில் வீடு கட்டியபோது, குடிநீர் வாரியத்தின் இணைப்பை நம்பாமல் கூரையில் விழும் மழையைக் கொண்டே குடும்பம் நடத்தத் துணிந்தார். பல ஆண்டுகள் அப்படியே வாழ்ந்தும் காட்டினார். பிறருக்குச் சொல்வதற்கு முன் வெல்லத்தை விட்டவர் அவர்.

கணக்கு கடினமானதன்று; ஐந்தாம் வகுப்புப் பிள்ளையே போடலாம். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். பெங்களூரில் ஆண்டுக்குச் சராசரியாக 900 மில்லிமீட்டருக்கு மேல் மழை உண்டு. 500 சதுர மீட்டர் கூரையுள்ள பள்ளியின்மேல் நாலரை லட்சம் லிட்டர் விழுகிறது. 200 பள்ளி நாள்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 2,250 லிட்டர். சிந்துவதும் ஆவியாவதும் போகக் கணிசமாக மிஞ்சும். இந்தக் கணக்கைப் பிள்ளைகள் கரும்பலகையில் போட்டு முடித்ததும் ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பார்கள். கூரையிலிருந்து இறங்கும் குழாய் நேரே தெருச் சாக்கடைக்குப் போகிறதென்றால், ஆசிரியர் அதன் பிறகு எத்தனை பாடம் நடத்தினாலும் வகுப்பு அந்தக் குழாயிடமிருந்தே கற்றுக்கொள்ளும். ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாகத் தள்ளும் வீட்டுச் சுத்திகரிப்புக் கருவியின் குழாய் எங்கே வடிகிறது என்று மாலையில் தாயிடமும் கேட்பார்கள்.

சர்ஜாபுரச் சாலையில் கைகொண்ரஹள்ளி என்ற ஏரி சாக்கடையும் குப்பையுமாகக் கிடந்தது. 2009 முதல் சுற்றுப்புறத்தார் மாநகராட்சியோடு சேர்ந்து உழைத்து அதை மீட்டார்கள், பறவைகள் திரும்பின. கரையை ஒட்டி ஓர் அரசுப் பள்ளி இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்துக்கு வெளியே ஏரி ஒன்று கிடைத்தது என்பதைவிட, பெரியவர்கள் தாங்கள் கெடுத்ததைத் தாங்களே சேற்றில் இறங்கிச் சரிசெய்வதைக் காணும் வாய்ப்பு கிடைத்தது. இந்த நாட்டில் மிகச் சில குழந்தைகளுக்கே கிடைக்கும் வாய்ப்பு அது.

பாதையைக் காட்டும் கல்வியில் ஓர் அபாயம் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. வந்த வழியையும் போகும் வழியையும் கண்ட பிள்ளை கேள்வி கேட்கும். கார் கழுவும் அப்பாவிடம் கேட்கும். கரையாத பிள்ளையாரை வாங்கிய விழாக் குழுவிடம் கேட்கும். சுவரில் வாசகம் எழுதிவிட்டுத் தொட்டி வழிவதைப் பார்க்காத தலைமையாசிரியரிடம் கேட்கும். முதல் முறை பெரியவர்கள் சிரிப்பார்கள். இரண்டாம் முறை பேச்சை மாற்றுவார்கள். மூன்றாம் முறை வாஜஸ்ரவஸுக்கு வந்த கோபம் வரும். கேள்வி கேட்காத குழந்தையை விரும்புவோர் சுவரொட்டிப் போட்டியோடு நிறுத்திக்கொள்வது அவர்களுக்கு நிம்மதி தரும். சிரத்தை என்பதைப் பணிவு என்று மட்டும் பொருள்கொள்பவர்கள், அது முதன்முதலில் ஒரு சிறுவனுள் புகுந்தபோது அவன் என்ன செய்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அதே வேளையில் அந்தக் கேள்வி தந்தையை இகழ எழுந்த கேள்வி அன்று. குறையுள்ள தானத்தால் தந்தைக்கு வரக்கூடிய தீங்கைத் தடுக்கத்தான் நசிகேதன் தன்னையே முன்வைத்தான் என்று ஆசாரியர்கள் விளக்கம் எழுதியிருக்கிறார்கள். யமனின் வாசலில் மூன்று இரவு உண்ணாமல் காத்திருந்த அவனுக்கு மூன்று வரங்கள் கிடைத்தன. எதை வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம். முதல் வரமாக, தன் தந்தையின் மனம் கலக்கம் நீங்கி அமைதி பெறவேண்டும், தான் திரும்பிச் செல்லும்போது கோபமின்றித் தன்னை அடையாளம் கண்டு அவர் பேசவேண்டும் என்று கேட்டான். யமன் அதை உடனே கொடுத்துவிட்டான். அவன் தயங்கியது மூன்றாவது வரத்துக்குத்தான்.